மறையெழுத்தும் மொழியிலக்கணமும்

பிறர் அறியாவண்ணம் செய்தி எழுதும் கலையை மறையெழுத்து எனலாம். முற்காலத்தில் அரசவைக்கும் போர்க்களத்துக்குமே பெரிதும் உரியதாயிருந்த இக்கலை, இன்று கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் ஒவ்வொருவரிடத்தும் அவரறியாமலே தொழிற்படுகிறது. ஆதலின் இதனைப் பற்றிய பேச்சு தமிழிலும் மிகுந்துள்ளது. அப்பேச்சினூடே ஒரு கூற்றும் எழுவதுண்டு: "மறையெழுத்து தமிழர்க்குப் புதியதன்று, குழூஉக்குறியும் சித்திரகவியும் அதுவே" என்பது அக்கூற்று. கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் இனிப்பது ஒன்று, உண்மையாவது ஒன்று. இக்கூற்று எவ்வளவு தூரம் நிற்கும் என்பது ஆராயத்தக்கது.

ஆராய்ச்சியை ஓலைச்சுவடிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. மலேசியாவில் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையிலிருந்தும் தொடங்கலாம். 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு எழுதிய மலை அது. 1929இல் ரசல் என்பார் அங்கே போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை அழித்துத் தேயிலை நட்டவருள் தமிழர் பலர். அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப் பள்ளிகளும் அங்கே எழுந்தன. தோட்டத்துத் தமிழுக்கெனச் சில சொற்கள் உண்டு. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது 'பெரட்டு'. கணக்கு எழுதுபவர் 'கிராணி'. குடியிருக்கும் வரிசை வீடு 'லயம்'. தொழிற்சாலையிலோ தேயிலையின் தரத்தைப் 'பி.ஓ.பி.' என்றும் 'டஸ்ட்' என்றும் குறிப்பர். மலைக்குப் புதிதாக வந்தவருக்கு இவற்றுள் பல விளங்கமாட்டா. எனினும் இவற்றை எவரும் ஒளிக்கவில்லை. கேட்டால் யாரும் சொல்லிவிடுவர். விளங்காதிருப்பது வேறு, மறைக்கப்பட்டிருப்பது வேறு. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால், மேற்சொன்ன கூற்றை எடைபோடுதல் எளிதாகும்.

முதலில் குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் ஏதோ ஒரு காரணம் பற்றி ஒரு பொருளின் இயற்பெயரை நீக்கி, வேறொரு பெயரால் வழங்குதலை நன்னூலார் தகுதி வழக்கின் மூன்றாம் வகையாக வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். இங்கே மறைக்கும் எண்ணம் உண்டு என்பது மெய்யே. ஆயினும் மாறுவது சொல், எழுத்தன்று. இதற்குக் குறிமொழி என்று பெயரிடுதல் பொருந்தும். அருகிலிருப்பவன் 'பறி' என்பதன் பொருளை ஒருமுறை அறிந்துகொண்டால் மறைவு முழுதும் போயிற்று. பட்டறையார் புதுச்சொல் ஒன்று படைக்க வேண்டியதுதான்.

குறிமொழி எப்போதும் மறைக்கவே எழும் என்பதும் இல்லை. கடல்கடந்த வணிகம் தந்தியை நம்பியிருந்த காலத்தில், ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே சொல்லை ஈடாகத் தரும் பெருநூல்கள் விற்பனைக்கு வந்தன. 1873இல் தோன்றிய ஏ.பி.சி. குறிநூலும், 1906இல் வந்த பென்ட்லி குறிநூலும் அவற்றுட் பெயர்பெற்றவை. கடையில் விற்கும் நூலில் மறைபொருள் ஏது? தந்திக் கட்டணத்தைச் சுருக்குவதே அவற்றின் முதல் நோக்கம்.

மெய்யாகவே மறைக்கவேண்டிய தேவை அம்மலைத் தொடரின் பக்கத்திலேயே ஒருகால் எழுந்தது. சப்பானியர் ஆட்சியின்போது, 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இறங்கிய நேச நாடுகளின் '136ஆம் படை'யினர், கேமரன் மலைக்குத் தென்மேற்கே பீடோரை அடுத்த காட்டில் ஒளிந்து வாழ்ந்தனர். இலங்கையோடு அவர்கள் வானொலித் தொடர்பு பெற்றது 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான். வானொலியில் விடும் செய்தியை நண்பனும் கேட்பான், பகைவனும் கேட்பான். கேட்டும் அறியமுடியாதபடி செய்தாலன்றி உயிர் தப்பாது. மறையெழுத்தின் உரைகல் இதுவே: செய்தி பகைவன் கையில் அகப்பட்ட பின்னும் அது வாய் திறவாதிருக்க வேண்டும்.

இந்த உரைகல்லில் சித்திரகவியை உரைத்துப் பார்க்கலாம். தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் மாலைமாற்று என்பது முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே வருவது. திருஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே அருளியுள்ளார். கோமூத்திரி என்பது இரண்டடிகளை மேலும் கீழுமாக மாறி மாறிப் படித்தாலும் அவ்வடிகளே கிடைக்கும்படி அமைவது. மேனாட்டு மறையெழுத்தில் இதே நடை உண்டு: செய்தியின் எழுத்துக்களை மேலும் கீழுமாக இரண்டு வரியில் எழுதி, பின் ஒவ்வொரு வரியையும் நேரே படித்தால் சொற்கள் சிதறிப்போகும். நடை ஒன்றே, பயனோ நேர்மாறு. ஒன்றில் எழுத்துக்களை எப்படிக் கலைத்தாலும் பொருள் கலையக்கூடாது. மற்றொன்றில் கலைத்தபின் பொருள் எஞ்சக்கூடாது. மாலைமாற்றும் கோமூத்திரியும் பொருளைக் காக்கும் கலைகள். மறையெழுத்து பொருளை அழித்து, உரியவனிடத்தில் மட்டும் மீளப் பிறப்பிக்கும் கலை. இரண்டையும் ஒன்றென்பது தோற்றத்தைக் கண்டு மயங்குவதாகும்.

காதைகரப்பு இதற்கு விலக்கன்றோ எனலாம். ஒரு செய்யுளின் இறுதியிலிருந்து இடையிடையே ஓரெழுத்தை விட்டுப் படிக்க, வேறொரு செய்யுள் வெளிப்படுவது அது. ஒரு செய்தியினுள் மற்றொன்றை ஒளிக்கும் முறை இங்கே உண்டென்பதை ஒப்பத்தான் வேண்டும். ஆனால் ஓரெழுத்து விட்டுப் படிக்க வேண்டும் என்பதை இலக்கணமே எல்லார்க்கும் சொல்லிவிடுகிறது. 1883இல் கெர்க்காஃப்சு என்னும் அறிஞர் இத்துறைக்கு ஒரு விதி வகுத்தார்: முறை பகைவனுக்குத் தெரிந்திருந்தாலும் கேடில்லை, திறவுகோல் ஒன்றே மறைவாயிருத்தல் வேண்டும். காதைகரப்பில் முறை உண்டு. தனித் திறவுகோல் இல்லை. எத்தனை எழுத்து விடுவது என்பதைப் புலவரும் நண்பரும் மட்டும் அறிந்திருந்தால் அது மறையெழுத்தாகியிருக்கும். புலவர் நாடியதோ அதுவன்று; கண்டுபிடிக்கப்படுதலையே அவர் நாடினார்.

அங்ஙனமாயின் இத்துறையில் தமிழுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லையோ? உண்டு, ஆனால் பலரும் தேடும் இடத்தில் அது இல்லை. ஒளிக்கும் பக்கத்தை விட்டு, ஒளித்ததைத் திறக்கும் பக்கத்தில் தேட வேண்டும்.

எழுத்தை மாற்றும் முறைகளுள் மிக எளியது உரோமானியத் தலைவர் சீசர் கையாண்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஈடாக, அகரவரிசையில் அதற்கு மூன்றாவதாக வரும் எழுத்தை எழுதுவார் அவர். இதைத் தமிழில் செய்து பார்க்கலாம். உயிரை மாற்றாமல், 'க ங ச ஞ' என வரும் பதினெட்டு மெய்களை மட்டும் மும்மூன்று இடம் தள்ளினால் ககரம் ஞகரமாகும், தகரம் மகரமாகும். இறுதிக்கு முன் நிற்கும் றகரம் சுற்றிவந்து ஙகரமாகும். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு, "பத்து மூட்டை கொழுந்து வந்தது" என்று ஒரு சீட்டு எழுதுவதாகக் கொள்க. அது இவ்வாறு மாறும்:

ரம்மு லூந்நை ஞொனுய்மு றய்மமு.

இச்சீட்டு வழியில் ஒரு தமிழாசிரியர் கையில் கிடைக்கிறது. முறை இன்னதென ஊகிக்கிறார். எத்தனை இடம் தள்ளியது என்பது மட்டும் தெரியாது. அவரிடம் உள்ள கருவி தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் ஒன்றே. அது போதுமா?

நான்கு சொற்களுள் மூன்று 'மு' என முடிகின்றன. இத்தகைய சொற்களின் ஈற்றில் நிற்கும் உகரம் பெரும்பாலும் குற்றியலுகரம். குற்றியலுகரம் ஊர்வதோ வல்லெழுத்து ஆறன் மேல்தான். எனவே மகரத்துக்குள் ஒளிந்திருப்பது க, ச, ட, த, ப, ற என்பவற்றுள் ஒன்று. அடுத்து, 'ய்ம' என்னும் கூட்டு இரண்டிடத்தில் வருகிறது. வல்லெழுத்தின் முன்னே அதன் இனமெல்லெழுத்து நிற்பது தமிழின் இயல்பு. நெடுங்கணக்கில் ஒவ்வொரு மெல்லெழுத்தும் தன் வல்லெழுத்தை அடுத்தே நிற்கிறது. மகரத்தை அடுத்து யகரம் நிற்பதும் அதற்கு ஒத்து வருகிறது. ஊகம் வலுப்பெறுகிறது.

இனி ஆறு வல்லெழுத்தையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டியதுதான். 'மு' என்பது 'கு' ஆனால், இரண்டாம் சொல் 'ஞூ' எனத் தொடங்கும். ஞகரம் ஆ, எ, ஒ என்னும் மூன்றோடன்றி மொழிமுதல் ஆகாது. 'சு' ஆனால் முதற்சொல் டகரத்தில் தொடங்கும். டகரம் மொழிக்கு முதலாகாது. 'டு' ஆனால் மூன்றாம் சொல் 'றொ' எனத் தொடங்கும், றகரமும் முதலாகாது. 'பு' ஆனால் முதற்சொல் 'யப்பு' என்றாகும்; யகரம் ஆகாரத்தோடன்றி முதலாகாது. 'று' ஆனால் இரண்டாம் சொல் 'ஙூ' எனத் தொடங்கும், அதுவும் ஆகாது. ஐந்தும் கழிந்தன. எஞ்சியது 'து' ஒன்றே. மகரம் தகரமாயிற்று, தள்ளிய இடம் மூன்று, சீட்டு முழுதும் வெளிப்பட்டுவிட்டது. அகராதியைப் புரட்டவில்லை, பொருளையும் ஊகிக்கவில்லை. மொழிமுதல் எழுத்துச் சூத்திரங்களே கதவைத் திறந்தன.

இடம் தள்ளாமல், பதினெட்டு மெய்க்கும் மனம்போனபடி ஈடு அமைத்தால் என்ன? அவ்வாறு அமைக்கக்கூடிய வழிகள் 64 கோடி கோடிக்கு மேலாகும். எண்ணைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாது நகரத்து அறிஞர் அல்கிந்தி, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே இத்தகைய மறைவை உடைக்கலாம் எனக் காட்டினார். தமிழில் அந்த எண்ணிக்கையோடு இலக்கணமும் துணை நிற்கிறது. இரட்டித்து வரும் எழுத்து ரகரமோ ழகரமோ அன்று. க், ச், த், ப் என்பவற்றின் பின் அவ்வவ்வெழுத்தே வரும், பிற வாரா. சொல்லின் ஈற்றில் புள்ளியோடு நிற்பது வல்லெழுத்து அன்று. ஒவ்வொரு விதியும் கோடிக்கணக்கான வழிகளை ஒரே வீச்சில் கழிக்கிறது.

இதிலிருந்து பிறக்கும் உண்மை ஒன்று உண்டு. ஒரு மொழியில் எது எதனோடு சேரும், எது சேராது என்னும் ஒழுங்கு எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவுக்கு அம்மொழியில் எளிய மறையெழுத்து மெலியும். அவ்வொழுங்கைக் குலைக்கவே பிற்கால முறைகள் முயன்றன. மூன்று, ஏழு, ஒன்று என மாறி மாறி இடம் தள்ளினால் 'வந்தது' என்பது 'றழ்நமு' ஆகும். முன்பு இரண்டு தகரமும் மகரமாயின, இப்போது ஒன்று நகரம், மற்றொன்று மகரம். மேனாட்டிலும் பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த இவ்வகை முறை, திறவுகோல் மீண்டும் மீண்டும் வருவதாலேயே 1863இல் காசிஸ்கி காட்டிய வழியால் உடைபட்டது. 1949இல் சானன் இவற்றையெல்லாம் கணிதமாக்கினார்: மொழியில் உள்ள மிகைதான் உடைப்பவனின் கருவி, செய்தியளவு நீளமும் எவ்வகை ஒழுங்குமற்ற தன்மையும் உடைய திறவுகோலை ஒருமுறை மட்டுமே கையாண்டால் எவராலும் உடைக்க இயலாது என்றார்.

ஆக, முன்னோர் மறையெழுத்தில் வல்லவர் என்னும் பெருமையைக் குழூஉக்குறியும் சித்திரகவியும் தாங்கமாட்டா. எழுத்துக்கள் கூடும் முறையை நுணுகிக் கண்டு விதியாக வகுத்ததே அவர்கள் பெருமை. அவ்விதிகள் இன்று வகுப்பறையில் பயன் தெரியாது நெட்டுருவாகிக் கிடக்கின்றன. 'டகரம் ஏன் மொழிக்கு முதலாகாது என்று படிக்க வேண்டும்?' எனக் கேட்கும் மாணவன் கேமரன் மலையிலும் இருப்பான், காஞ்சிபுரத்திலும் இருப்பான். அவன் கையில் மேற்கண்ட நான்கு சொற் சீட்டைக் கொடுத்தால் போதும். தேர்வுக்காகப் படித்த நூற்பா அவன் கையில் திறவுகோலாக மாறும்.