கான்டாக்ட் ஃபார்ம் 7: இரண்டு முகவரிகள், மூன்று வேலைகள்

வேர்ட்பிரஸ் தளங்களில் தொடர்புப் படிவம் வைக்க உதவும் பிளகின்களில் பழையதும் பரவலானதும் கான்டாக்ட் ஃபார்ம் 7. ஜப்பானைச் சேர்ந்த தகாயுகி மியோஷி 2007இல் வெளியிட்ட இதற்குக் கட்டணம் இல்லை; இதை நம்பியிருக்கும் தளங்கள் பல லட்சம். பார்வைக்கு நான்கு பெட்டிகளும் ஒரு பொத்தானும்தான் படிவம். ஆனால் அதற்குள் இரண்டு முகவரிகள் புழங்குகின்றன. ஒன்று, அஞ்சலைப் பெறும் தள உரிமையாளருடையது. மற்றது, பார்வையாளர் தட்டச்சு செய்வது. முதலாவதை மறைக்க வேண்டும். இரண்டாவதைச் சரிபார்க்கவும் வேண்டும், பாதுகாக்கவும் வேண்டும். மூன்று வேலைகளிலும் இந்தப் பிளகின் ஒரே தரத்தில் இல்லை.

உரிமையாளரின் முகவரி

தொடர்புப் படிவத்தை இணையமெங்கும் பரப்பிய தொடக்ககால நிரல்களில் ஒன்று, மேட் ரைட் 1995இல் எழுதிய ஃபார்ம்மெயில். அதில் பெறுநரின் முகவரி, பக்கத்தின் மூலக்குறியீட்டிலேயே மறைபுலமாக இருந்தது. ஸ்பேம் அனுப்புவோர் அந்த முகவரியை மாற்றிப்போட்டு, முன்பின் தெரியாதவர்களின் சர்வர் வழியாக ஊருக்கெல்லாம் அஞ்சல் அனுப்பினார்கள். கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கும் தடுப்பு பயன்படவில்லை. அந்தத் தகவலையும் அனுப்புபவர் பொய்யாகக் கொடுக்க முடிந்தது.

கான்டாக்ட் ஃபார்ம் 7 அந்தப் பாடத்தைப் படித்த தலைமுறை. பெறுநர் முகவரி நிர்வாகப் பக்கத்தின் ‘மெயில்’ தாவலில், சர்வரிலேயே தங்கிவிடுகிறது. பக்கத்தின் மூலக்குறியீட்டைத் திறந்து தேடினால் படிவத்தின் அடையாள எண் கிடைக்கும், முகவரி கிடைக்காது. இந்த வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அதே தளத்தின் அடிப்பகுதியில் முகவரியை எழுதி வைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு வீண். எழுத்துகளை எச்டிஎம்எல் குறியீடுகளாக மாற்றித் தரும் வசதி வேர்ட்பிரஸிலேயே உண்டு. பிரவுசரைப் போலவே, முகவரி பொறுக்கும் தானியங்கி நிரல்களான பாட்களும் அதை எளிதில் மீட்டுவிடும். கிளவுட்ஃபிளேர் என்னும் இணையச் சேவை முகவரியைப் பதினாறடிமான எண்களாக மாற்றித் தருகிறது. அந்த வரிசையின் முதல் இரண்டு இலக்கங்களே திறவுகோல். மீதியுள்ள ஒவ்வொரு இணையையும் அதனுடன் எக்ஸ்-ஆர் செய்தால் முகவரி வெளிவந்துவிடும். நான்கைந்து வரி நிரல் போதும். சோம்பேறிப் பாட்களைத் தடுக்க இவை உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

சரிபார்ப்பு

படிவ வார்ப்புருவில் சதுர அடைப்புக்குள் ‘இமெயில்’ என்று எழுதி, ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி போட்டால், கட்டாயம் நிரப்ப வேண்டிய முகவரிப் பெட்டி தயார். பிரவுசரின் சொந்தச் சோதனையைப் பிளகின் நிறுத்திவைத்து, தன் சோதனையை முதலில் பிரவுசரிலும் பிறகு சர்வரிலும் நடத்துகிறது. சர்வர் சோதனை இல்லாமல் முடியாது. பாட்கள் படிவத்தைத் திறந்து நிரப்புவதில்லை; தரவைப் பெறும் சர்வர் முகவரிக்கே நேராக அனுப்பிவிடுகின்றன. பிரவுசரில் எழுதிய காவல் எதுவும் அவற்றின் வழியில் வராது.

சர்வரில் முடிவு சொல்வது வேர்ட்பிரஸின் உள்ளமைந்த சோதனை. பெட்டியில் பலவகை முகவரிகளை இட்டுப் பார்த்தால் அதன் குணம் தெரியும். @ இல்லாதது உடனே திரும்புகிறது. படிவத்தின் பிழைச் செய்தியைச் சுற்றி மஞ்சள் கோடு விழுகிறது. ‘ஏ@பி’ என்பது போல டொமைனில் புள்ளியே இல்லாத முகவரியும் திரும்புகிறது. எச்டிஎம்எல் தரநிலையின்படி இது செல்லும். பிரவுசரை மட்டும் நம்பியிருக்கும் படிவங்களில் இது தாராளமாக நுழையும். பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு எழுதும் முகவரியை ஏற்றுக்கொள்கிறது. அதுதான் சரி, ஜிமெயில் பயனர்கள் அஞ்சல்களை வகைபிரிக்க இந்த உத்தியைக் கையாள்கிறார்கள். கூட்டல் குறியைப் பிழை என்று தள்ளும் படிவங்கள் இன்னும் உண்டு. டொமைனின் கடைசிப் பகுதி நான்கு எழுத்துக்கு மேல் போனால் தள்ளும் பழைய வாய்பாடுகளும் ஓய்ந்தபாடில்லை.

விட்டுக்கொடுக்கும் இடங்களும் உள்ளன. @ குறிக்கு முன் இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வந்தாலும் கடந்துவிடுகிறது; பிஎச்பி மொழியின் சொந்தச் சோதனை இதை ஏற்காது. ஜிமெயில் என்பதை எழுத்து மாற்றி ‘ஜிமியல்.காம்’ என்று அடித்தால், அதுவும் கடக்கிறது. வடிவத்தில் பிழை இல்லை. பதில்தான் போய்ச் சேராது. ‘இதைத்தான் எழுத நினைத்தீர்களா’ என்று கேட்கும் வசதி இந்தப் பிளகினில் இல்லை.

தமிழ் எழுத்துகள் இன்னொரு சோதனை. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய தமிழ் டொமைன்கள் நடப்பில் உள்ளன. @ குறிக்கு முன்னும் ஆங்கிலமல்லாத எழுத்துகள் வரலாம் என்பதற்கான அஞ்சல் தரநிலை 2012இலேயே வந்துவிட்டது. வேர்ட்பிரஸ் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் சோதனையோ ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறியும். டொமைன் தமிழில் இருந்தால், சில பிரவுசர்கள் அதை ஆங்கில எழுத்து வடிவத்துக்குத் தாமே மாற்றி அனுப்புவதால் தப்பிக்கும். @ குறிக்கு முன் தமிழ் இருந்தால் தப்பாது.

எந்தச் சோதனையாலும் முகவரியின் வடிவத்தைத்தான் உறுதிசெய்ய முடியும். @ குறிக்கு முன் 64, மொத்தம் 254 என்ற நீள வரம்புகளைச் சரிபார்த்தாலும், டொமைனுக்கு அஞ்சல் சர்வர் இருக்கிறதா என்று டிஎன்எஸ்ஸில் தேடினாலும், அந்தப் பெட்டிக்கு உரியவர் உண்டா என்பது தெரியாது. அஞ்சல் சர்வரிடமே கேட்கும் முறையும் நம்பத்தக்கதல்ல. எந்தப் பெயருக்கும் ‘உண்டு’ என்று சொல்லும் சர்வர்கள் பல. அடிக்கடி கேட்பவரைத் தடைப்பட்டியலில் சேர்ப்பவையும் உண்டு. உறுதிசெய்யும் ஒரே வழி, ஓர் இணைப்பை அனுப்பி அதைச் சொடுக்கச் சொல்வது. செய்திமடல் சந்தாவுக்கு அது அவசியம். கேள்வி கேட்க வருபவரிடம் அந்தச் சிரமத்தைக் கொடுக்கத் தேவையில்லை. பதில் வேண்டுமானால் அவரே சரியாக எழுதுவார்.

பார்வையாளரின் முகவரி

படிவத்திலிருந்து வரும் அஞ்சலில் அனுப்புநராகப் பார்வையாளரின் முகவரியைப் போடுவது பரவலான பழக்கம், தவறானதும்கூட. அவருடைய டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்பத் தள சர்வருக்கு அதிகாரம் இல்லை. அனுப்புநரைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிமார்க் சோதனைகளில் அது போலி அஞ்சலாகவே தெரியும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இதில் கெடுபிடியை உயர்த்தியுள்ளன. கான்டாக்ட் ஃபார்ம் 7 அனுப்புநராகத் தளத்தின் முகவரியையே வைத்து, பார்வையாளரின் முகவரியைப் பதில் பெறும் இடத்தில் சேர்க்கிறது. யாராவது இதை மாற்றினால் நிர்வாகப் பக்கத்தில் எச்சரிக்கை தோன்றுகிறது. இது இந்தப் பிளகினின் மிகப் பயனுள்ள அம்சங்களில் ஒன்று.

‘மெயில் 2’ என்னும் தானியங்கிப் பதில் வசதியில் மட்டும் கவனம் வேண்டும். ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று பார்வையாளருக்கு அனுப்பும் இந்த அஞ்சலில், அவர் எழுதிய செய்தியின் நகலும் இடம்பெறுவதுண்டு. பாட் ஒன்று வேறு யாருடைய முகவரியையோ இட்டு, செய்திப் பெட்டியில் விளம்பரத்தை ஒட்டினால், தளமே அந்த மூன்றாம் மனிதருக்கு ஸ்பேம் அனுப்பும். ஃபார்ம்மெயிலின் பழைய ஓட்டை வேறு வழியாகத் திரும்புவது இங்கேதான். தேவை இல்லையென்றால் இதை அணைத்தே வைக்கலாம். வேண்டுமானால் நகலையாவது நீக்க வேண்டும்.

சேமிப்பில் இதன் இயல்புநிலை பாராட்டத்தக்கது. செய்தியை அஞ்சலாக அனுப்பியதோடு சரி. தரவுத்தளத்தில் எதையும் வைப்பதில்லை. தளம் ஊடுருவப்பட்டாலும் அள்ளிக்கொண்டு போக அங்கே முகவரிக் குவியல் இருக்காது. அஞ்சல் வழியில் தவறினால் செய்தியும் தொலையும் என்பது இதன் மறுபக்கம். அதற்காக அதே ஆசிரியரின் ஃபிளமிங்கோ பிளகினை நிறுவினால், பழைய பதிவுகளை அவ்வப்போது அழிக்கும் பொறுப்பும் கூடவே வரும். ஐரோப்பாவின் ஜிடிபிஆரும் இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மின்னஞ்சல் முகவரியைத் தனிநபர் தரவாகவே பார்க்கின்றன.

ஸ்பேம் தடுப்பு

பிளகினுக்குள்ளேயே இருப்பது எளிய வினா-விடைப் பெட்டி. பொதுவான பாட்களுக்குப் போதும். மற்றவை வெளிச்சேவைகள். அகிஸ்மெட் பெயர், முகவரி, செய்தி மூன்றையும் பார்த்து முடிவு சொல்லும். பெயர்ப் பெட்டியில் ‘வயாகரா-டெஸ்ட்-123’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஆரஞ்சுக் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் இணைப்பு சரியாக அமையவில்லை. வணிகத் தளங்களுக்கு இது கட்டணச் சேவை. கூகுளின் ரீகேப்சா மூன்றாம் பதிப்பு புதிர் எதுவும் கேட்காமல் 0 முதல் 1 வரை மதிப்பெண் இடுகிறது. இரண்டிலும் பார்வையாளரைப் பற்றிய தகவல் வெளி நிறுவனத்துக்குப் போகிறது. தனியுரிமைக் கொள்கையில் அதைச் சொல்ல வேண்டும். மனிதர் கண்ணில் படாத பொறிப்பெட்டியை வைத்து, அதை நிரப்புபவரைத் தள்ளும் முறையில் எந்தத் தரவும் வெளியே போவதில்லை. அது இதில் உள்ளமைந்து வராதது குறை. தனிப் பிளகின் சேர்க்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது

சிறு நிறுவனம், பள்ளி, எழுத்தாளர் என ஒரு நாளைக்குச் சில கடிதங்கள் பெறும் தளங்களுக்குக் கான்டாக்ட் ஃபார்ம் 7 தாராளமாகப் போதும். உரிமையாளர் முகவரியை மறைப்பதில் முழுத் தேர்ச்சி, பார்வையாளர் முகவரியைக் காப்பதில், ‘மெயில் 2’ அணைந்திருக்கும் வரை, நல்ல தேர்ச்சி, சரிபார்ப்பில் நடுத்தரம். உறுதிப்படுத்தும் அஞ்சல், எழுத்துப்பிழை உணர்த்தல், தமிழ் முகவரிகளுக்கு முழு ஆதரவு ஆகியவை வேண்டுவோர் கூடுதல் பிளகின்களையோ சொந்த நிரலையோ சேர்க்க வேண்டியிருக்கும்.