‘கதிர்’: நூற்புக் கருவிச் சொல்லும் நன்னூல் உவமையும்

மைசூர் மாவட்டத்தில் இருந்து 1997இல் சாமராசநகர் மாவட்டத்துடன் சேர்ந்த குண்டலுபேட்டை, தமிழக, கேரள எல்லைகளை அடுத்த கன்னட ஊர். அப்பகுதிக் கன்னடத்தில் நூற்கும் கோலின் பெயர் ‘கதிரு’, தெலுங்கில் ‘கதுரு’, தமிழில் ‘கதிர்’. தமிழில் இச்சொல் ஒளிக்கீற்றையும் நெற்கதிரையும் சுட்டும். பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இம்மூன்று பொருள்களையும் தனித்தனிப் பதிவுகளாக வைக்கிறது. கூர்ந்து நீளும் வடிவம் மூன்றுக்கும் பொது என்பதால் ஒரே வேரைத் தேடத் தோன்றும்; ஆயினும் வடிவ ஒப்புமை மட்டும் வேர்ச்சான்று ஆகாது.

நூற்புப் பொருளில் இச்சொல்லின் சிறந்த ஆட்சி நன்னூல் பொதுப்பாயிரத்தில் உள்ளது. பவணந்தியாரின் ஊராகிய சனகையை மைசூர்ப் பகுதியில் காண்பாரும் உளர். கொங்குநாட்டுச் சீனாபுரம் என்பாரும் உளர். எவ்வாறாயினும் அவரை ஆதரித்த சீயகங்கன் கங்கர் மரபினன். இலக்கண நூல் செய்தலைப் பஞ்சு நூற்றலோடு ஒப்பிடும் ஆசிரியர், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் கொள்கிறார்.

கதிரும் மதியும் அருகருகே நிற்கையில் ஞாயிறும் திங்களும் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலாது. எனினும் உவமையின் வலிமை இச்சிலேடையில் இல்லை, தொழிலறிவில் உள்ளது. கை பஞ்சை இழுத்து விடுவதோடு நிற்கிறது. அதனை இழையாக்குவது கதிரின் சுழற்சி. முறுக்குக் குறைந்தால் இழை அறும். மிகுந்தால் சுருண்டு சிக்கும். நூற்ற இழையைத் தன்மேல் சுற்றி வைத்துக்கொள்வதும் கதிரே. வாய் சொல்லை வெளிவிட, அதற்கு அளவான முறுக்கேற்றுவதும் சேமிப்பதும் மதியின் பணி என்னும் கருத்து இதனால் துல்லியமாகிறது.

வகுப்பறைகளில் மிகுதியும் எடுத்தாளப்படுவது இதனை அடுத்துவரும் தச்சன் நூல் உவமையே. அது நூலின் பயனைக் கூறுவது. இது நூல் உருவாகும் முறையைக் கூறுவது. புலமை ஆடவர்க்கே உரியதாகக் கருதப்பட்ட ஒரு சூழலில் புலவனை நூற்கும் பெண்ணாகக் கண்டதும் உரிய கவனம் பெறவில்லை. புறநானூற்றின் 125, 326ஆம் பாடல்களில் வரும் பருத்தி நூற்கும் பெண்ணின் உழைப்பே இங்கு இலக்கண ஆசிரியனுக்கு அளவுகோலாகிறது.

இராட்டைக்கு இந்தியாவில் தெளிவான சான்றாக இர்பான் ஹபீப் காட்டுவது 1350ஐ ஒட்டிய இசாமியின் பாரசீக நூல். நன்னூல் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்டது. எனவே பவணந்தியார் கண்ட கதிர் கையால் சுழற்றப்பட்ட கோலாதல் வேண்டும். இராட்டை வந்தபின் அதன் இரும்பு ஊசிக்கும், ஆலை வந்தபின் அதன் சுழல்தண்டுக்கும் பழம்பெயரே நின்றது. காந்தியக் காலத்தில் கைக்கோலுக்குத் ‘தக்கிளி’ என்னும் வடசொல் பரவியபோதும், நூற்பாலையின் அளவைக் கதிர்களின் எண்ணிக்கையால் கூறும் வழக்கு இன்றும் உள்ளது.