வெவ்வேறு காலடி, ஒரே வரிசை

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10-ஆம் தேதி, லண்டன் மாநகரின் ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் வெயில் 30 டிகிரியை எட்டிநின்ற காலைப்பொழுதில், அரசரின் பிறந்தநாள் கொடி அணிவகுப்புக்கு முன்னதாக இளவரசர் வில்லியம் பார்வையிட்ட ஒத்திகையின்போது, கனத்த கம்பளிச் சிவப்பு அங்கியும் கரடித்தோல் தொப்பியும் தரித்து வரிசையில் இருந்த டிராம்போன் வாத்தியக்காரர் ஒருவர் மயங்கித் தரையில் விழுந்தார். விழுந்தவர் சற்று நேரத்தில் தட்டுத் தடுமாறி எழுந்து, வாத்தியத்தை மறுபடியும் உதட்டில் பொருத்தி வாசிக்க முயன்றார். அதன் பின்னரே உதவிக்கு வந்தவர்கள் அவரை அப்புறம் கொண்டுசென்றார்கள். அந்தக் காட்சியின் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளியாயிற்று. இரங்கினவர்களும் உண்டு, புகழ்ந்தவர்களும் உண்டு, இது என்ன கொடுமை என்று கடிந்தவர்களும் உண்டு. அந்த வரிசையில் ஒரு மனிதனுக்குரிய இடம் என்பது எத்தகையது, அதைக் காப்பதற்கு எவ்வளவு வித்தை வேண்டும் என்பதையே நான் அன்றிலிருந்து சிந்தித்து வருகிறேன்.

விளையாட்டுப் பத்தியில் இராணுவப் பாண்டு வாத்தியத்துக்கு என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். மூச்சையும் காலையும் கண்ணையும் செவியையும் ஒரே க்ஷணத்தில் வெவ்வேறு காரியங்களுக்கு ஏவி, பக்கத்தில் இருப்பவனுடைய தோளிலிருந்து ஒரு சாண்கூட விலகாமல், ஒரு மைதானத்தின் நீள அகலங்களை உடம்பினாலேயே அளந்து நடக்கும் ஓர் அப்பியாசம், ஓட்டப் பந்தயத்தையும் கால்பந்தையும்விட எந்த விதத்தில் தேகப் பயிற்சியில் குறைந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலோர் இந்த அணிநடையை நாற்காலியில் சாய்ந்து, நிறங்களுக்காகப் பார்க்கிறார்கள். ஆட்டத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தால் அதன் நுட்பம் வேறுவிதமாகத் தெரியும்.

முதலில் காலப்பிரமாணம். பிரிட்டிஷ் தரைப்படையின் பொதுவான விரைநடை நிமிஷத்துக்கு 120 காலடி. ஒவ்வொரு காலடியும் 30 அங்குலம். ஆனால் எல்லாப் படைப்பிரிவுகளும் இந்த ஒரே கணக்கில் நடப்பதில்லை. அரண்மனைக் காவற்படையினர் 116 காலடியில் நிதானமாகச் செல்வார்கள்; துப்பாக்கிப் படை மரபில் வந்த ரைஃபிள்ஸ் பிரிவினரோ 140 காலடியில் பறப்பார்கள். நாலு காலடி வித்தியாசம் காகிதத்தில் அற்பமாகத் தோன்றும். ஆனால் 120-க்குப் பழகிய கால் 116-க்கு இறங்கும்போது, ஒவ்வொரு காலடியிலும் மிஞ்சுகின்ற அந்தச் சிறு அவகாசத்தை என்ன செய்வதென்று அறியாமல் தவிக்கும். விளம்ப காலத்தில் பாடுவதே கடினம் என்று நம் சங்கீத வித்துவான்கள் சொல்வார்களே, அது இங்கும் மெய். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி, எலிசபெத் மகாராணியாரின் சவப்பேழை பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குச் சென்ற ஊர்வலத்தில், பேத்தோவன், மெண்டல்சன், ஷோபான் ஆகியோரின் துக்க இசையை வாசித்தவண்ணம் வாத்தியக்காரர்கள் நிமிஷத்துக்கு 75 காலடி வீதம் நடந்தார்கள். ஒரு காலைத் தூக்கி மற்றொரு காலில் உடம்பு நிற்கும் நேரம் அதில் அதிகம். அந்த நிலையில் மூச்சு நடுங்காமல் நீண்ட ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்துவது எளிய காரியமன்று. பிற்பகல் 2.22-க்குப் புறப்பட்டு 3 மணிக்குச் சேரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்த 38 நிமிஷத்துக்கும் கடிகாரமாக இருந்தது வாத்தியக்காரர்களின் கால்தான்.

இரண்டாவது, ஒலி. இதைத்தான் பார்வையாளர்கள் அடியோடு மறந்துவிடுகிறார்கள். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. 200 பேருக்கு மேற்பட்ட வாத்தியக்காரர்கள் ஒன்றாக நிற்கும் கூட்டத்தின் ஆழம் 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோடியில் அடித்த முரசு மறுகோடியில் இருப்பவன் செவியை அடையச் சற்றேறக்குறைய எட்டில் ஒரு பங்கு விநாடி ஆகிறது. 116 காலடி வேகத்தில் ஒரு காலடிக்கு உரிய நேரமே அரை விநாடிதான். ஆகவே, செவியை மட்டும் நம்பி முரசுக்குச் சரியாகக் கால் வைப்பவன், தான் லயம் தப்பாமல் நடப்பதாக உண்மையாகவே எண்ணிக்கொண்டு, கால் பங்கு காலடி பிந்திப்போவான். அவன் பிழையுள்ளவன் அல்லன். இயற்கையின் விதிக்கு உட்பட்டவன். இந்த விதியை வெல்வதற்கே அத்தனை சம்பிரதாயங்களும் ஏற்பட்டன. பெருமுரசைக் கூட்டத்தின் நடுவில் வைப்பது அதனாலே. முன்னே செல்லும் டிரம் மேஜர் தன் நீண்ட கோலை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டுவதும், பேச்சுக்கு இடமில்லாத இரைச்சலில் பின்வரிசை வரைக்கும் கட்டளை கண்வழியே போய்ச் சேரவேண்டும் என்பதனாலே. அவர் அணியும் பொன் அங்கியைப் பார்த்து வியக்கிறோம். அந்தக் கோலைப் பார்க்க வேண்டும். இடது கால் விழும் இடத்தில் முரசின் வன்மையான அடி விழுகிறது. அதைக் கேட்டு நடப்பதோடு நில்லாமல், பக்கத்தானைக் கடைக்கண்ணால் பார்த்தும் நடக்கக் கற்ற பின்பே ஒருவன் பாண்டுக்காரன் ஆகிறான்.

வாத்தியங்கள் நிற்கும் முறையிலும் காரணம் உண்டு. டிராம்போன்கள் முன்வரிசையில் வருவது அழகுக்காக என்று நினைப்பவர்கள் பலர். அதன் நெடுங்குழல் முன்னும் பின்னும் நீள்வதற்குத் திறந்த இடம் வேண்டும். நடுவில் நின்றால் முன்னிருப்பவன் முதுகில் இடிக்கும். இவ்வளவு எளிய காரணத்திலிருந்து அவ்வளவு கம்பீரமான தோற்றம் பிறந்தது.

இனி, என் மனத்துக்கு எல்லாவற்றிலும் பிரதானமாகத் தோன்றும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வரிசை நேராகச் செல்லும்போது எல்லோருடைய காலடியும் சமம். திரும்பும்போது அந்தச் சமத்துவம் உடைகிறது. பத்துப் பேர் கொண்ட வரிசை, ஒருவருக்கொருவர் 1.2 மீட்டர் இடைவெளி என்று கணக்குக்காகக் கொள்வோம். அந்த வரிசை ஒரு கோடியை அச்சாகக் கொண்டு கால்வட்டம் திரும்பினால், வெளிக்கோடியில் இருப்பவன் 17 மீட்டர் நடக்கவேண்டும். அதற்கு முழுக் காலடியாக 22 வைக்கவேண்டும். நடுவில் இருப்பவன் அதே 22 காலடியில் பாதித் தூரமே போகவேண்டும். அவன் காலடி 15 அங்குலமாகச் சுருங்குகிறது. அச்சில் இருப்பவனோ 22 முறையும் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டு மெல்ல மெல்ல உடம்பைத் திருப்புகிறான். பத்துப் பேருக்கும் பத்து அளவுகள். ஆனால் இடது கால் எல்லோருக்கும் ஒரே க்ஷணத்தில் விழவேண்டும். எல்லோரும் ஒரேமாதிரி நடப்பதால் இந்த ஒழுங்கு வருகிறது என்று எண்ணுகிறோம். ஒவ்வொருவனும் தன் இடத்துக்கு ஏற்றபடி வேறுமாதிரி நடப்பதனால்தான் கூட்டம் ஒன்றாகத் தெரிகிறது. இராணுவ ஒழுங்கு மனிதனை இயந்திரமாக்குகிறது என்போருக்கு இந்தத் திருப்பத்தையே நான் விடையாகக் காட்டுவேன். அது அவ்வளவும் விவேகத்தின் வேலை.

இதற்கும் ஒருபடி மேலே உள்ளது காவற்படையின் ஐந்து பாண்டுகளும் ஒன்றுகூடிச் செய்யும் 'ஸ்பின் வீல்' என்னும் சுழல் திருப்பம். ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானம் அவ்வளவு பெரிய கூட்டம் வழக்கம்போல் வளைந்து திரும்புவதற்குப் போதாது. ஆகவே கூட்டம் முழுவதும் தன் நடுவையே அச்சாகக் கொண்டு ஒரு பாறை சுழல்வதுபோல் சுழல்கிறது. ஒரு சாரார் முன்னே நடக்கிறார்கள். ஒரு சாரார் பக்கவாட்டில் ஒதுங்குகிறார்கள். சிலர் பின்னோக்கிக் கால் வைக்கிறார்கள். நடுவில் உள்ளவர்கள் நின்றபடி கால் மாற்றுகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் வாசிப்பு ஒரு மாத்திரைகூட அறுபடுவதில்லை. அணிநடைப் பயிற்சி நூல் எதிலும் இதற்கு விதி எழுதிவைக்கப்படவில்லை என்பது இதன் விசேஷம். மூத்தவன் பக்கத்தில் நின்று இளையவன் கற்கிறான். வலப்பக்கத்தில் இருப்பவன் எந்த இடத்தில் காலடியைச் சுருக்குகிறான் என்பதைப் பார்த்துப் பார்த்து உடம்பில் ஏற்றிக்கொள்கிறான். குருகுலத்தில் கற்ற வித்தைக்கும் இதற்கும் நான் வேற்றுமை காணவில்லை.

இந்த மரபு தானாக வளர்ந்ததன்று. துருக்கியரின் ஜானிசரிப் படை வாத்தியங்களிலிருந்து பெருமுரசும் ஜால்ராவும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளுக்கு வந்தன. கோல்ட்ஸ்ட்ரீம் காவற்படைக்கு 1785-இல் வந்த பாண்டில் இருந்தவர்கள் ஜெர்மானிய வாத்தியக்காரர் பன்னிருவர். ஆங்கிலேயர் தங்கள் குறையை உணர்ந்தது ஒரு பெரிய அவமானத்தின் பின்னரே. 1854-இல் கிரிமியப் போரின்போது, ஸ்கூட்டரி என்னும் ஊரில் விக்டோரியா மகாராணியாரின் பிறந்தநாள் அணிவகுப்பில் பல பாண்டுகளும் ஒருங்கே ராஜ கீதத்தை வாசிக்கத் தொடங்க, ஒவ்வொன்றும் வெவ்வேறு சுருதியிலும் வெவ்வேறு அமைப்பிலும் முழங்கி, நேச நாட்டுச் சேனாதிபதிகளின் முன்னிலையில் பெரும் அபஸ்வரமாய் முடிந்தது என்பது பிரசித்தமான வரலாறு. அதன் விளைவாக 1857-இல் லண்டனுக்கு அருகே நெல்லர் ஹாலில் இராணுவ சங்கீதப் பள்ளி ஏற்பட்டது. சுருதியும் பாடமும் ஒன்றுபட்டன.

கடற்படையைச் சேர்ந்த ராயல் மரீன் பாண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த அலசல் நிறைவுறாது. அங்கே முரசுகள் முன்னே செல்கின்றன. முரசுக் கம்புகள் எல்லாம் ஒரே உயரத்துக்கு எழுந்து ஒரே கணத்தில் இறங்குவதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். கோட்டின் நேர்மையிலும் கம்பின் ஒழுங்கிலும் மரீன்களுக்கே முதலிடம் தருவேன். பெருங்கூட்டத்தைச் சிறிய இடத்தில் திருப்பும் வித்தையில் காவற்படைக்கு இணை இல்லை. இரண்டாம் உலகப் போரில் இந்த மரீன் வாத்தியக்காரர்கள் போர்க்கப்பல்களின் அடித்தளத்தில், பீரங்கிகளுக்குக் குறிகணிக்கும் அறைகளில் பணிபுரிந்தார்கள்; கப்பல் மூழ்கும்போது அங்கிருந்து தப்புவது அரிது. அவர்களில் நாலில் ஒரு பங்கினர் அந்தப் போரில் மாண்டார்கள்.

1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி, டீல் என்னும் ஊரில் இருந்த அவர்களுடைய சங்கீதப் பள்ளியில் ஐரிஷ் குடியரசுப் படையினர் வைத்த வெடிகுண்டு 11 பேரைக் கொன்றது. ஒரு வாரம் கழித்து அதே பாண்டு அந்த ஊரின் வீதிகளில் வாசித்துக்கொண்டு நடந்தது. இறந்தவர்களும் காயம் பட்டவர்களும் நிற்கவேண்டிய இடங்களை அவர்கள் நிரப்பவில்லை. வெற்றிடங்களை வெற்றிடங்களாகவே விட்டு, இல்லாதவனோடும் இடைவெளியைச் சரிபார்த்து, வரிசை கலையாமல் நடந்தார்கள். பக்கத்தானைக் கடைக்கண்ணால் பார்த்து நடக்கும் ஒருவனுக்கு அங்கே பார்க்க ஆள் இல்லாதபோது, தன் இடத்தைத் தானே ஞாபகத்திலிருந்து அளந்துகொள்ள வேண்டியதாகிறது. அணிநடையின் வரலாற்றில் அதைவிடக் கடினமான ஒரு நடையை நான் அறியேன்.

சென்ற முப்பது ஆண்டுகளாகச் சிக்கனத்தை முன்னிட்டுப் பிரிட்டிஷ் தரைப்படையின் பாண்டுகள் பல கலைக்கப்பட்டன. சில ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. நெல்லர் ஹாலும் 2021-இல் மூடப்பட்டு, பள்ளி போர்ட்ஸ்மத் நகருக்கு மாறிற்று. கட்டடம் மாறுவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எழுதிவைக்கப்படாத வித்தைக்கு ஆட்களின் எண்ணிக்கையே ஏடு. ஸ்பின் வீலில் பின்னோக்கிக் கால் வைப்பவனுக்கு அதைக் காட்டிக்கொடுக்க மூத்தவன் ஒருவன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கணக்குப் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

வருகிற ஜூன் மாதத்தில் இந்த அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் காணும் வாசகர்கள், குதிரைகளையும் பொன் அங்கிகளையும் ஒரு நிமிஷம் மறந்து, கூட்டம் திரும்பும் சமயத்தில் அதன் நடுவில் இருப்பவனைத் தேடிப் பாருங்கள். ஓர் அடிகூட நகராமல், ஒரு காலடிகூடத் தவறாமல், வாசித்துக்கொண்டே அவன் திரும்பிக்கொண்டிருப்பான்.