தோற்க விடாத பொத்தான்

என் மருமகன் கலகெதரவிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்கு வேலைக்குப் போகிறவன். போக வர, பஸ்ஸில் அவன் கையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். பழைய கேம்பாய் அட்வான்ஸ் விளையாட்டுகளை ஓட்டும் புதுக் கருவி. பல வாரங்களாக அவன் ஆடுவது ‘சூப்பர் ரோபோட் டைசன்: ஒரிஜினல் ஜெனரேஷன்’. அடி தவறினால் ஒரு பொத்தானை அழுத்துகிறான். அடிக்கு முந்தைய நொடி திரும்பி வந்துவிடுகிறது. ஏன் என்று கேட்டேன். “வேலைக்குப் போற ஆளுக்கு ஒரே களத்தத் திரும்பத் திரும்ப ஆட நேரம் எங்க மாமா இருக்கு?” என்றான். பழைய கேம்களை நேசிக்கிறவர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். இந்த நியாயம் பிழையானது என்பது என் நெடுநாள் எண்ணம்.

கேமைப் பற்றி எனக்குக் குறை இல்லை. 1991இல் கேம்பாயில் தொடங்கிய தொடர் இது. மாசிங்கர், கெட்டர், கண்டம் என்று தொலைக்காட்சி ரோபோக்களை ஒரே களத்தில் இறக்கியது. 2002இல் வந்த ஒரிஜினல் ஜெனரேஷனில் பன்பிரெஸ்டோ நிறுவனம் தன் சொந்த ரோபோக்களை மட்டும் வைத்தது. உரிமைச் சிக்கல் இல்லாததால் 2006இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. 240க்கு 160 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு ரோபோவின் பாய்ச்சலை அவ்வளவு கனமாகக் காட்டியவர்களின் கைத்திறன் இன்றும் வியக்க வைக்கிறது. பழைய கேம்களை அழியாமல் இவ்வளவு பேர் கையில் சேர்த்த மலிவுக் கருவிகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தப் பொத்தான் எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று பாருங்கள். இந்தக் கேமில் எதிரி சுடும்போது மூன்று வழிகள் உண்டு: திருப்பி அடிக்கலாம், தற்காத்துச் சேதத்தைப் பாதியாக்கலாம், விலகி அடி படும் வாய்ப்பைப் பாதியாக்கலாம். அடுத்து வரும் ஒரு தாக்குதலிலிருந்து முழுதாகத் தப்ப ‘அலர்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. குறி தப்பாமல் அடிக்க ‘ஸ்ட்ரைக்’ இருக்கிறது. இவற்றுக்கான புள்ளிகள் அளவாகத்தான் கிடைக்கும். கியோசுகே என்ற பாத்திரம் ஓட்டும் ஆல்ட்டைசன் ரோபோ எதிரியை நெருங்கினால்தான் தன் முழு பலத்தோடு அடிக்கும். நெருங்கினால் அடியும் வாங்கும். அதை எப்போது முன்னே விடுவது, எப்போது பின்னே இழுப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

என் மருமகன் அதை ஒருபோதும் பின்னே இழுப்பதில்லை. தற்காப்பைத் தொடுவதில்லை. திரையில் நூற்றுக்கு 38 என்று வாய்ப்புக் காட்டினால், படும்வரை அடிக்கிறான். எட்டாவது தடவை பட்டால் அது வெற்றி. வியூகம் என்று அவன் கையில் மிஞ்சுவது பொறுமை மட்டும்தான்.

பழைய கேம் கொடூரமானது, அதனால்தான் இந்தத் தயவு தேவைப்படுகிறது என்பார்கள். அது சரியே இல்லை. இந்தத் தொடரின் வழக்கப்படி, களத்தில் தோற்றாலும் அதுவரை சேர்த்த அனுபவமும் பணமும் உங்களோடு வரும். சற்றுப் பலம் கூடியவராக அதே களத்தில் மறுபடி இறங்குவீர்கள். உடைந்த ரோபோ நிரந்தரமாகப் போவதில்லை. பழுதுபார்க்கும் செலவோடு திரும்பி வரும். தோற்றவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஜப்பானில் யாரோ மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைத்தான் பொத்தான் ஒரே அழுத்தில் அழிக்கிறது. களத்தின் நடுவில் நிறுத்திவைக்கும் வசதி பழைய கேமிலேயே இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அதை வைத்து ஏய்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அதற்கு கேமை மறுபடி இயக்கி, நிறுத்திவைத்த இடத்துக்கு வரவேண்டும். அந்தச் சிறு அலுப்பே அவர்களை யோசிக்க வைத்தது.

மீள முடியாத முடிவு என்ன செய்யும் என்பதற்கு, பஸ் போகும் இந்த வழியையே எடுத்துக்கொள்வோம். கலகெதர கண்டி இராச்சியத்தின் கடவைகளில் ஒன்றாக இருந்தது. 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டவலின் ஆங்கிலப் படை இங்கும் கிரிஹாகமவிலும் இருந்த அரண்களைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. கண்டி வெறிச்சோடிக் கிடந்தது. மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் தலைநகரையே விட்டுக்கொடுத்து அங்குரான்கெத்தைப் பக்கம் ஒதுங்கியிருந்தான். மிச்சத்தைக் காய்ச்சலும் மழையும் பட்டினியும் பார்த்துக்கொண்டன. ஜூனில், மேஜர் டேவியின் கீழ் எஞ்சிய படை சரணடைந்து, வட்டாபுலுவவில் மகாவலிக் கரையில் அழிந்தது. அந்தக் கொலையை நான் கொண்டாடவில்லை. கடவையையும் நகரத்தையும் கைவிட்ட அந்த முடிவைப் பற்றித்தான் சொல்கிறேன். விளைவு தெரியாது, எடுத்த முடிவை மீளப் பெறவும் முடியாது. அந்த நிலையில் நின்றவனுக்கே அப்படி ஒரு நகர்வு தோன்றும். பின்னோக்கி ஓட்டும் பொத்தான் இருந்திருந்தால் அவன் கலகெதர அரணிலேயே, எட்டுத் தடவையோ எண்பது தடவையோ, வெல்லும்வரை சண்டை பிடித்திருப்பான்.

நேரம் இல்லை என்பதை மட்டும் நான் மறுக்க முடியாது. ஆனால் ஒரு நாளில் பத்து எதிரிகளைத் தவறாமல் வீழ்த்துவதற்குப் பதிலாக, நான்கு பேரோடு நியாயமாக மோதித் தோற்றுவிட்டுப் பஸ்ஸை விட்டு இறங்கலாமே. ஒரிஜினல் ஜெனரேஷன் அதற்கு இடம் வைத்திருக்கிறது. போன வாரம் அவனிடம் ஒரு களத்தை மட்டும் பொத்தான் இல்லாமல் ஆடச் சொன்னேன். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வருவதற்குள் ஆல்ட்டைசன் உடைந்தது. அவன் முகம் சுருங்கியது. சற்றுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “முதல்லயே இதைப் பின்னுக்கு எடுத்திருக்கணும் மாமா” என்றான். இத்தனை வாரங்களில் அந்தக் கேமைப் பற்றி அவன் சொன்ன முதல் வியூகப் பேச்சு அதுதான்.