நான்கு ஸ்டிக், ஒரே நடை

“ரெண்டு எட்டு ஜிபி ஏற்கெனவே இருக்குல்ல சார், இன்னும் ரெண்டு எட்டு போட்டுக்குங்க. ஓடும்.” சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர் இவ்வளவுதான் சொன்னார். வாங்கி வந்து பொருத்தினேன், ஓடவும் செய்தது. அந்த ஓட்டத்தை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

என்னுடையது இன்டெல் கோர் ஐ5-12400எஃப், நான்கு ஸ்லாட் கொண்ட டிடிஆர்4 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060. ராம் 16 ஜிபி: இரண்டு 8 ஜிபி ஸ்டிக், 3200 வேகம், சிஎல்16 தாமதம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 வரும்வரை இதுவே போதுமானதாக இருந்தது. அந்த விளையாட்டுக்குக் குறைந்தது 16 ஜிபி வேண்டும்; பரிந்துரை 32; சிறந்த நிலைக்கு 64. பெரிய நகரத்து விமான நிலையத்தில் இறங்கப் போகும் நேரமாகப் பார்த்துப் படம் உறைந்து நின்று, பிறகு குதிக்கும். ராம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை எஸ்எஸ்டியில் தள்ளி எடுப்பதால் வரும் திணறல் அது.

பழையதை எடுத்துவிட்டு 32 ஜிபி ஜோடியாக வாங்குவதே சுத்தமான வழி. ஆனால் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரியை வாரிக்கொண்டதில் 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. நன்றாக வேலை செய்யும் இரண்டு ஸ்டிக்கைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. வேறு கம்பெனி ஜோடி ஒன்றை வாங்கினேன்: அதே 3200, ஆனால் சிஎல்18.

முதல் நாள்: ஓடியது, மெதுவாக

நான்கையும் செருகி ஸ்விட்சைப் போட்டதும் திரை சற்று நேரம் கருப்பாகவே இருந்தது. பயந்து அணைத்துவிடாதீர்கள். புது ராமைப் பார்த்ததும் மதர்போர்டு அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. விண்டோஸ் வந்தது, 32 ஜிபி காட்டியது. ஆனால் சிபியு-இசட்டில் பார்த்தால் 1333 மெகாஹெர்ட்ஸ். டிடிஆர் என்பதால் இரண்டால் பெருக்க வேண்டும், அதாவது 2666. பெட்டியில் அச்சிட்ட 3200 தானாக வராது, பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்கினால்தான் வரும். ஸ்டிக் மாற்றியதில் அந்த அமைப்பு அழிந்திருந்தது. இரட்டைத் தடத்தில் (ட்யூயல் சேனல்) 3200-க்கு விநாடிக்கு 51.2 ஜிபி கடக்கும். 2666-க்குச் சுமார் 42.7 தான். இடத்தைக் கூட்டிவிட்டு வேகத்தை இழந்திருந்தேன். பலர் இந்த நிலையிலேயே மாதக்கணக்கில் விளையாடுகிறார்கள்.

இரண்டாம் நாள்: ஓடியது, பொய்யாக

எக்ஸ்எம்பியை இயக்கினேன். என் போர்டு பழைய ஸ்டிக்கின் 16-18-18-38 என்ற தாமதக் கணக்கை (டைமிங்) நான்குக்கும் சேர்த்துப் போட்டது. புது ஜோடியால் முடிவது 18-22-22-42. ஆனாலும் விண்டோஸ் திறந்தது. இரண்டு மணி நேரம் விளையாடினேன், ஒரு குறையும் தெரியவில்லை. இரவில் ஒரு ஜிப் கோப்பைப் பிரித்தபோது சிஆர்சி (தரவு சரிபார்ப்பு) பிழை வந்தது. மறுபடி பிரித்தேன், இந்த முறை பிழை இல்லை. கோப்பு கெட்டிருந்தால் இரண்டு முறையும் பிழை வந்திருக்க வேண்டும். சந்தேகம் ராம் பக்கம் திரும்பியது.

பென்டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஏற்றி ஓடவிட்டேன். இரண்டாம் சுற்றில் பிழைகள் வரிசையாக வந்தன. எனக்கு உண்மையாகவே கலக்கமாக இருந்தது. இதே கணினியில்தான் குடும்பப் படங்களை அடுக்கி வைக்கிறேன். ராமில் ஒரு பிட் புரண்டால், புரண்டபடியே வட்டில் பதியும். எந்த எச்சரிக்கையும் வராது. விளையாட்டு நின்றுபோனால் மறுபடி தொடங்கலாம். கெட்டுப் பதிந்த படத்தை எங்கே போய்த் தேடுவது?

மூன்றாம் நாள்: மெதுவானவரோடு நடப்பது

நான்கு பேர் சேர்ந்து நடந்தால், மெதுவாக நடப்பவர் காலுக்குத்தான் மற்றவர்களும் அடியெடுத்து வைக்க வேண்டும். பயாஸில் வேகத்தை 3200-லேயே வைத்து, கணக்கை 18-22-22-42 என்று கையால் கொடுத்தேன், மின்னழுத்தம் 1.35 வோல்ட், இரண்டு ஜோடிக்கும் எழுதியிருந்த அளவே. இழந்தது என்ன? 3200-ல் சிஎல்16 என்றால் 10 நானோவிநாடித் தாமதம். சிஎல்18 என்றால் 11.25. ஒன்றேகால் நானோவிநாடி கொடுத்து 16 ஜிபி வாங்கியிருக்கிறேன். மெம்டெஸ்ட்86 இரவெல்லாம் ஓடி நான்கு சுற்றும் முடித்தது. ஒரு பிழையும் இல்லை. அதன் பிறகுதான் கேபினெட் மூடியை மூடினேன்.

ஒற்றை 16 ஜிபி சேர்த்தால்?

புது ஜோடிக்குப் பதிலாக, நண்பரிடம் ஒரு 16 ஜிபி ஸ்டிக் இரவல் வாங்கிப் பழைய ஜோடியோடு சேர்த்து அதையும் பார்த்தேன். இடம் மாற்றிச் செருகினால் பலனும் மாறும். ஒரு தடத்தில் 16+8, மறு தடத்தில் 8 என்று வைத்தால், இருபுறமும் சமமாக உள்ள 16 ஜிபி மட்டுமே இரட்டைத் தடத்தில் ஓடும். மீதி ஒற்றைத் தடம்தான். பழைய எட்டு இரண்டையும் ஒரே தடத்தில் வைத்து, பதினாறை மறு தடத்தில் தனியாக வைத்தால் இருபுறமும் 16. முழுதும் இரட்டைத் தடம். எந்த ஸ்லாட் எந்தத் தடம் என்பது மதர்போர்டு கையேட்டில் படத்தோடு இருக்கும்.

விளையாட்டில் என்ன மாறியது?

ஃப்ளைட் சிமுலேட்டரில் இறங்கும்போது வந்த உறைதல் போய்விட்டது. சராசரி எஃப்பிஎஸ் பெரிதாக ஏறவில்லை. அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றுக்கு 16 ஜிபியே போதும் என்பதால் அங்கே கூடுதல் இடத்தால் பயனில்லை. இப்போதுள்ள 16 ஜிபி நிறையவில்லை என்றால் பணத்தைச் செலவழிக்காதீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் விளையாடினாலே விடை தெரிந்துவிடும்.

டிடிஆர்5 வைத்திருப்பவர்களுக்கு

இதே துணிச்சலை அங்கே காட்ட வேண்டாம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200. நான்கு செருகினால் 3600. பழைய ஜோடியை விற்றுவிட்டுப் பெரிய ஜோடியாக வாங்குவதே சரி. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின் என்றாலும் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. அழுத்திப் பார்க்க வேண்டாம்.

முடிவு

டிடிஆர்4 கணினியில் ராம் கலப்பது கைகொடுக்கும் வழி. நான் திருப்தியோடு வைத்துக்கொண்டிருக்கிறேன். ஜோடியாக வாங்குங்கள், வேகமும் வோல்ட்டும் பழையதோடு ஒத்திருக்கட்டும். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே உள்ள சிப் மாறியிருக்கக்கூடும் என்பதால், ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவார்களா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். கடைக்காரர் “ஓடும்” என்று சொன்னதில் தவறில்லை. ஓடவிட்ட பிறகு, படங்களும் கோப்புகளும் இருக்கும் கணினியை ஓர் இரவு சோதனைக்கு விடுவது நம் பொறுப்பு.