தளர்த்திக் கட்டிய தந்திகள்

கிட்டாரில் ‘எஃப்’ கார்டு பிடிக்க வராதவர்களுக்கான குறுக்குவழி என்றே ‘ஓபன் டியூனிங்’ எங்கள் பக்கத்தில் பேசப்படுகிறது. விழுப்புரத்தில் நான் கற்கப்போன இடத்தில் “பொம்பளப் பிள்ளைங்க கைக்கு இதுதான் வரும்” என்றார்கள். இன்று திண்டிவனத்தில் என்னிடம் கற்கும் மாணவிகளும் அதையே வேறு வாய்களிலிருந்து கேட்டு வருகிறார்கள். இந்தச் சொல்லை இசையைக் கொண்டே சோதிக்கலாம்.

வழக்கமான கிட்டார் இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி சேர்க்கப்படுகிறது. நான்கு தந்திகளைத் தளர்த்தினால் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி ஆகிவிடும். நம் கணக்கில் ச ப ச க ப ச. எந்த மெட்டையும் அழுத்தாமல் மீட்டினாலே முழுக் கார்டு ஒலிக்கும். வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளும் சட்ஜமம், பஞ்சமம் என்றுதான் கட்டப்படுகின்றன. பெண் பார்க்க வரும்போது மடியில் வீணை இருந்தால் லட்சணம். அதே முறையில் கிட்டாரைக் கட்டினால் இயலாமை. மாறியது சுருதி இல்லை, பெண் தொடக்கூடியது எது என்ற தீர்ப்பு.

இந்தச் சுருதிகளை ப்ளூஸ் ஆண்களின் சொத்தாகவே கிட்டார் வரலாறு சொல்கிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வரவேற்பறைக் கிட்டாரை வாசித்தவர்களில் பெண்கள் ஏராளம். ஓபன் டி சுருதிக்கு ‘வெஸ்டபோல்’ என்ற பெயர் வந்ததே, ஹென்றி வோரல் என்ற கிட்டார் ஆசிரியர் வெளியிட்ட ‘செபஸ்டபோல்’ என்ற வரவேற்பறை இசைத்துண்டிலிருந்துதான். அதைத் தன் போக்கில் வாசித்துப் பதிவுசெய்தவர் எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண். திருமணம், தேவாலயத்தின் கண்டிப்பு என்று பல்லாண்டுகள் கிட்டாரைத் தொடாமல் இருந்து, சீகர் குடும்பத்தில் வீட்டுவேலை செய்தபோது மீண்டும் எடுத்தார். இடக்கைக்காரர். வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, பாஸ் தந்திகளை விரல்களாலும் மேல் தந்திகளைக் கட்டைவிரலாலும் மீட்டினார். முதல் இசைத்தட்டு 1958இல் வந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

ஜோனி மிட்செலுக்கு ஒன்பது வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது, இடக்கை பலவீனப்பட்டது. அவருடைய சுருதிகளை விளக்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நோய் முதல் சுருதிக்குக் காரணமாகலாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதிகளுக்குக் காரணம் அவருடைய காது. அந்தக் கார்டுகளுக்கு அடிச்சுரத்தை மட்டும் தட்டும் பாஸ் போதவில்லை. 1976இல் வந்த ‘ஹெஜிரா’வில் ஜாகோ பாஸ்டோரியஸின் மெட்டில்லாத பாஸ், கீழே தாங்கி நிற்பதோடு நிற்காமல் அவர் குரலோடு பேசுகிறது.

குறையையும் சொல்ல வேண்டும். ஓபன் டியில் அந்தர காந்தாரம் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கரகரப்ரியா வாசித்தால் அந்த வெறுந்தந்தி இடிக்கும். வீணைத் தந்திகளில் காந்தாரம் கிடையாது. அதனால்தான் எந்த ராகத்துக்கும் இடமிருக்கிறது. மேலே சொன்ன எஃப் ஷார்ப்பை ஜி ஆக்கினால் ச ப ச ம ப ச. காந்தாரம் மறுபடி நம் விரலுக்கு வந்துவிடும். எதையும் முன்கூட்டித் தீர்மானிக்காத சுருதியையே நான் மாணவிகளுக்கு முதலில் கட்டித்தருகிறேன்.

பாஸ் கிட்டாரில் இன்னும் எளிது. இ, ஏ, டி, ஜி என்ற நான்கு தந்திகளில் தடித்ததை ஒரு முழுச்சுரம் தளர்த்தினால் போதும்: ச ப ச ம. தளர்த்துவதால் தந்தி அறாது. ‘எஃப்’ கார்டையும் கற்றுக்கொள்ளுங்கள், அதுவும் உங்களுடையதே. ஆனால் பிருடையைத் திருப்ப யாரிடமும் கொடுக்காதீர்கள். சுருதியை யார் வைக்கிறார்களோ, அவர்களே எது சரி, எது பிசகு என்று சொல்கிறார்கள்.