சி கிளாம்ப்பே, நீ வாழ்க!

தச்சர்கள் பலகையை இறுக்கிப் பிடிக்க ஒரு சி கிளாம்ப் வைத்திருப்பார்களே, அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டும்போல் இருக்கிறது எனக்கு. காருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் போன மாதம்வரை நானும் இருந்தேன்.

முன்சக்கரத்தில் ஒரு வாரமாகக் 'கீச், கீச்'. பிரேக் பேட் தேய்ந்து மெலிந்ததும் அதிலுள்ள சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்துமாம். கத்துவதற்கென்றே வைத்த தகடு! எங்கள் அம்பத்தூர் வீட்டிலிருந்து பாடி கூப்பிடு தூரம். 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா அங்கேதான் இருக்கிறது. பக்கத்து ஊரில் பிரேக்கே செய்கிறார்கள், நமக்குப் பேட் மாற்றக்கூடவா தெரியாது என்று ஒரு வீம்பு.

முதலில் ஜாக். வண்டியோடு வந்த ஜாக் ஸ்டெப்னி மாற்றத்தான். அதை நம்பி அடியில் கை விடாதீர்கள். ட்ராலி ஜாக், ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்ட், பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத இடம் இது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் நட்டுக்குப் பதில் சக்கரம்தான் சுற்றும்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரின் கீழ்ப் பின் போல்ட்டை 14-ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றினேன். காலிப்பர் பெட்டி மூடிபோல் மேலே திறந்துகொண்டது. பழைய பேட் வந்துவிட்டது. புதுப் பேட் தடிமனானது, நுழையவில்லை. காலிப்பரின் பிஸ்டனைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ம்ஹூம்! எதிர்வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, மெக்கானிக்கிட்ட விட்டுட்டுப் போகக் கூடாதா?" என்றார்.

அப்போது எடுத்தேன் நம் நாயகனை. பிஸ்டன்மேல் பழைய பேட்டை வைத்து, கிளாம்ப்பை மாட்டி, மெல்லத் திருகினால்... அடடா! ஆமை தலையை இழுத்துக்கொள்வதுபோல் பிஸ்டன் உள்ளே போகிறது, சத்தமே இல்லாமல். மாமா வாயை மூடிக்கொண்டார். அந்த நேரம் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஏறும், அதையும் ஒரு கண் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை, வழிந்துவிட்டது. பெயின்ட்டைத் தின்றுவிடும் என்று ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். பின்பக்கமும் டிஸ்க் உள்ள சில வண்டிகளில் பிஸ்டனைத் திருகிக்கொண்டே தள்ள வேண்டும்; அங்கே என் நாயகன் உதவமாட்டான், அதற்கென்று தனிக் கருவி உண்டு.

கம்பி பிரஷ், பிரேக் கிளீனர், பின்களுக்குச் சிலிக்கான் கிரீஸ், எல்லாம் சில்லறைச் செலவு. கிரீஸ் ஒரு சொட்டுகூடப் பேட்டில் படக் கூடாது, அவ்வளவுதான். முதல் சக்கரத்துக்கு இரண்டு மணி நேரம், அடுத்ததற்கு முக்கால் மணி.

சக்கரங்களை மாட்டிவிட்டு, வண்டியில் உட்கார்ந்து பிரேக் பெடலை மிதித்தேன். முதல் மிதியில் அடிவரை போய்விட்டது, பகீரென்றது. நாலாவது மிதியில் கல்லாக நின்றது. இதைச் செய்யாமல் வண்டியை நகர்த்தவே கூடாது.

கடைசியாக டார்க் ரெஞ்ச். ஆடம்பரம்தான், ஒப்புக்கொள்கிறேன். என் வண்டியின் கையேடு சொன்ன 85 நியூட்டன் மீட்டரில் வைத்து, வண்டியை இறக்கி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கினேன். அளவு வந்ததும் கைக்குள் ஒரு 'டிக்'. என்ன சுகம்! ஒரு நட்டை மட்டும் அந்தச் சத்தத்துக்காகவே தளர்த்தி, இன்னொரு முறை இறுக்கினேன்.